நான்கு லட்சத்துக்குள் ஒரு வைகாசிக் கல்யாணம்: இலைக் கணக்கு முதல் பதிவு வரை

கேள்வியின் சுருக்கம் இது. பென்னாகரம் பக்கத்துக் கிராமம். அப்பா இல்லை. அண்ணன் முன்நின்று தங்கைக்கு வைகாசியில் கல்யாணம் செய்ய வேண்டும். மாப்பிள்ளை வீடு ஊத்தங்கரை பக்கம். நகை நீங்கலாகக் கையில் இருப்பது 4 லட்சம் ரூபாய். சொந்தபந்தம், ஊர்க்காரர், நண்பர்கள் எல்லாம் சேர்த்து 400 பேர். கடன் வாங்காமல், பார்க்கிறவர்கள் முகம் சுளிக்காமல், அழகாக நடத்த முடியுமா?

முடியும். ஆனால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் செலவு கையை மீறுவது பூவாலும் இல்லை, விளக்காலும் இல்லை. இந்தக் கணக்கைப் போடாமல் நாள் குறிப்பதால்தான்.

400 பேர் கல்யாணம் என்று நாம் சொல்கிறோம். சமையல்காரர் பில் போடுவது தலைக்கு இல்லை, இலைக்கு. நம் பக்கத்து வழக்கப்படி முதல் நாள் மாலை பெண் அழைப்பும் வரவேற்பும், மறுநாள் காலை முகூர்த்தமும் வைத்தால் மூன்று வேளை பந்தி போட வேண்டும். இரவு 300 இலை, காலை டிபன் 120, மதியம் 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 670 இலை. இதையே ஒரே நாளில், காலை 9 மணிக்கு மேல் முகூர்த்தம், உடனே அதே மேடையில் வரவேற்பு, 11 மணிக்குப் பந்தி என்று மாற்றினால், வீட்டாருக்கும் வெளியூர் உறவுக்கும் டிபன் 100, சாப்பாடு 360, ஆக 460 இலை. 210 இலை குறைகிறது. சராசரியாக ஓர் இலைக்கு 150 ரூபாய் என்றாலே 31,500 ரூபாய் மிச்சம். மண்டபத்தின் இரண்டாவது நாள் வாடகை, இரவு விளக்கு, ஜெனரேட்டர், பெண்ணுக்கு இன்னொரு அலங்காரம், வீடியோகாரருக்கு இன்னொரு நாள் எல்லாம் அதோடு சேர்ந்தே போகின்றன. மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இந்த அளவுக்குப் பணம் மிஞ்சாது.

வைகாசிக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் கோடை மழை பெரும்பாலும் மாலையில்தான், அதுவும் காற்றோடு வரும். துணிச் சாமியானாவில் தண்ணீர் தேங்கித் தொங்கும், மின்சாரம் போகும், பந்தியில் உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்திருப்பார்கள். காலைக் கல்யாணத்துக்கு இந்த ஆபத்து குறைவு.

அதனால் சோதிடரிடமோ புரோகிதரிடமோ போகும்போதே 9 முதல் 10.30க்குள் முகூர்த்தம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை அந்த நேரம் ராகு காலம், செவ்வாய்க்கிழமை எமகண்டம். மற்ற ஐந்து கிழமைகளிலும் தேடலாம். தேய்பிறை முகூர்த்தம் உங்கள் இரு வீட்டாருக்கும் சம்மதம் என்றால் தயங்காமல் எடுங்கள். வளர்பிறை ஞாயிறுகளில் மண்டபம், மேளம், சமையல் மாஸ்டர், பூ எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போட்டி இருக்கும், பேரம் பேச இடமே இருக்காது. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் ஓசூர் சிப்காட்டிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பவர்கள் என்றால் வார நாள் வைக்காதீர்கள். லீவு கிடைக்காமல் ஆள் வராவிட்டால் சொன்ன இலை வீணாகும், மனசும் கஷ்டப்படும்.

அடுத்து, இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து யார் எந்தச் செலவு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மண்டபம் யார், சாப்பாடு யார், மேளம் யார், இரண்டு பக்கத்துக்கும் மாலை யார் வாங்குவது, ஊத்தங்கரையிலிருந்து வரும் பஸ் யார் பொறுப்பு, நலங்குக்கு என்ன, மறுவீட்டுக் கறி விருந்து எங்கே, எத்தனை பேருக்கு. வாயால் பேசி விட்டுவிட்டால் கடைசி வாரத்தில், ‘அது நீங்க பார்த்துக்குவீங்கன்னு நினைச்சோம்’ என்று ஒரு பேச்சு வரும். அந்த நேரத்தில் பெண் வீட்டுக்காரர் வாயைத் திறக்க முடியாது, பணம்தான் போகும். கட்டில், பீரோ போன்ற சீர் சாமான்களை அவர்கள் எந்த வீட்டில் குடியிருக்கப் போகிறார்கள் என்று முடிவான பிறகு வாங்குவது நல்லது. ஓசூரில் ஒற்றை அறை வாடகை வீட்டுக்குள் நுழையாத பீரோவை ஏற்றி இறக்கும் கூலியே தனிச் செலவு.

4 லட்சத்தை எப்படிப் பிரிப்பது? என் கணிப்பு: சாப்பாட்டுக்கு 1,60,000, இடம், பந்தல், நாற்காலி, மின்சாரம் 60,000, துணிமணி 60,000, போட்டோ, வீடியோ 40,000, பூவும் அலங்காரமும் 28,000, மேளம், புரோகிதர், பத்திரிகை, வண்டி 20,000, மீதி 32,000 தொடாமல் இருக்க வேண்டிய பணம். இவை உச்சவரம்பு. ஒன்றில் கூடினால் அதே நாளில் இன்னொன்றில் குறைத்துவிட வேண்டும். அந்த 32,000ஐ வேறு ஒருவர் கையில், அம்மாவிடமோ தாய்மாமனிடமோ கொடுத்து வையுங்கள். கடைசி பத்து நாளில் 500, 1,000 என்று போகும் பணத்துக்குக் கணக்கே இருக்காது.

இடத்துக்கு மூன்று வழி உண்டு. வீட்டு வாசலில் பந்தல், ஊர்க் கோயிலில் தாலி கட்டிப் பஞ்சாயத்து சமுதாயக் கூடத்தில் சாப்பாடு, அல்லது மண்டபம். 400 பேருக்கு நடுவில் உள்ளதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கோயில் மண்டபத்தின் கல்தூணும் விளக்கும் கொடுக்கும் அழகை எந்த மேடை அலங்காரமும் கொடுக்காது, காசும் இல்லை. அறநிலையத் துறைக் கோயிலாக இருந்தால் குறைந்தது ஒரு மாதம் முன்பே அலுவலகத்தில் கேட்டு ரசீது போடுங்கள். இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ கேட்பார்கள். பல கோயில்களில் முதல் திருமணம் என்பதற்கு விஏஓ சான்றும் கேட்பார்கள். தீர்த்தமலை போல மலையேற வேண்டிய கோயிலை மனசுக்குப் பிடித்தாலும் தவிர்த்துவிடுங்கள். பாட்டிகள் கீழேயே நின்றுவிடுவார்கள்.

மண்டபம்தான் என்றால் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மின்சாரம் யூனிட் கணக்கா, ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு, டீசல் யாருடையது, சுத்தம் செய்யும் கூலி, பாத்திர வாடகை, தண்ணீர் லாரி, 18 சதவீத ஜிஎஸ்டி வாடகைக்குள்ளா வெளியிலா, அலங்காரத்துக்கும் சமையலுக்கும் அவர்கள் ஆளைத்தான் வைக்க வேண்டுமா, சாவி எத்தனை மணிக்குக் கொடுத்து எத்தனை மணிக்கு வாங்குவார்கள், நாள் மாறினால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ரசீதின் பின்னால் எழுதி வாங்குங்கள். உள்ளே நுழைந்ததும் மின் மீட்டரைப் போனில் படம் எடுங்கள், கிளம்பும்போது இன்னொன்று. பாத்திரத்தை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்க ஒரு பொறுப்பான ஆளை நிறுத்துங்கள். தொலைந்த கரண்டிக்கும் டம்ளருக்கும் பிடிக்கும் காசு சேர்ந்து பெரிய தொகையாகிவிடும்.

வாசலில் பந்தல் போட்டால் சரிவு வைத்த தகரப் பந்தலாகப் போடச் சொல்லி, அடியில் தென்னங்கீற்றோ நிழல் வலையோ கட்டுங்கள். வெறும் தகரத்தின் கீழ் வைகாசி மதியம் உட்கார முடியாது.

இனி சாப்பாடு. இரண்டு விதமாகப் பேசலாம். இலைக்கு இவ்வளவு என்று மொத்தக் காண்ட்ராக்ட், அல்லது சமையல் மாஸ்டருக்குக் கூலி மட்டும் கொடுத்து மளிகையை நாமே வாங்குவது. இரண்டாவதில் செலவு குறையும், ஆனால் ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு அளந்து கொடுக்க நம்பகமான ஒருவர் முழு நேரமும் வேண்டும். அப்படி ஆள் இல்லை என்றால் மிச்சமாகும் பணம் எண்ணெயாகவும் முந்திரியாகவும் பின் வாசல் வழியாகப் போய்விடும். அதற்கு இலைக் காண்ட்ராக்டே மேல்.

மாஸ்டர் கொடுக்கும் சாமான் சீட்டைச் சரிபார்க்க, 100 இலை மதியச் சாப்பாட்டுக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவுகளைச் சொல்கிறேன். பொன்னி அரிசி 10 முதல் 12 கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு இரண்டரை கிலோ. பருப்பும் நெய்யும் தனியாகப் பரிமாறினால் இன்னும் ஒன்றரை கிலோ. பொரியல், கூட்டு ஒவ்வொன்றுக்கும் நறுக்கிய பிறகு 5 முதல் 6 கிலோ காய் நிற்க வேண்டும், அதற்கு 7 கிலோ வாங்க வேண்டும். வடைக்கு ஒரு கிலோ உளுந்தில் 35 முதல் 40 வரும், எனவே 3 கிலோ. தயிர் 7 முதல் 8 லிட்டர், வெயில் காலத்தில் மோராகக் கொடுத்தால் இன்னும் நன்றாகப் போகும். எண்ணெய் 5 லிட்டர். அப்பளம் 220. இலை 115, காற்றுக் காலத்தில் கிழிந்த இலை நிறைய வரும். சீட்டில் இதைவிட ஒன்றரை மடங்கு இருந்தால் ஏன் என்று கேளுங்கள். காரணம் இருந்தால் சொல்வார்.

மளிகையைச் சேலம் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் மொத்தக் கடையில் எடுத்தால் விலை இறங்கும். பிரிக்காத மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். தக்காளி பாலக்கோடு, இராயக்கோட்டை மார்க்கெட்டில். அதன் விலை ஒரு வாரத்தில் தலைகீழாக மாறும் என்பது உங்களுக்கே தெரியும், அதனால் தக்காளியை நம்பி மெனு போடாதீர்கள். மற்ற காய்க்கு உழவர் சந்தை போதும்.

எத்தனை வகை? பதினாறு வகை வைத்து எல்லாம் ஆறிப்போய் வருவதைவிட, சாம்பார், ரசம், மோர், ஒரு பொரியல், ஒரு கூட்டு, வடை, அப்பளம், ஒரு இனிப்பு, ஊறுகாய் என்று சூடாக வந்தால் போதும், வந்தவர்கள் திருப்தியாக எழுந்திருப்பார்கள். சாப்பிட்டவர் நினைவில் நிற்பது சாம்பாரும் வடையும்தான். எண்ணிக்கைக்காக வைக்கும் பிரிஞ்சியும், ஃப்ரைடு ரைஸும், கலர் அல்வாவும் இலையோடு மடிக்கப்பட்டுப் போவதை எந்தப் பந்தியின் கடைசியிலும் பார்க்கலாம்.

இனிப்புக்குப் பால் பாயசத்தை விட்டுவிட்டு மாம்பழத்தைப் பிடியுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வைகாசியில் மாம்பழம் பரிமாறாமல் இருப்பதே தப்பு. கூழ் ஆலைகளில் 3.1 கிலோ டின்னாக மாம்பழக் கூழ் கிடைக்கும். ஒரு டின் கூழ், 2 லிட்டர் காய்ச்சி நன்றாக ஆறவைத்த பால், அரை கிலோ சர்க்கரை, கொஞ்சம் ஏலக்காய். 100 மில்லி கப்பில் 50 பேருக்கு வரும். 360 பேருக்கு 8 டின் வாங்கினால் கவலை இல்லை. இதில் கெடுவது ஒரே இடத்தில்தான். பால் சூடாக இருக்கும்போது கூழைக் கொட்டினால் மாம்பழப் புளிப்பில் திரிந்துவிடும், பெங்களூரா கூழ் என்றால் இன்னும் சீக்கிரம். பாலை முதல் நாள் இரவே காய்ச்சி, ஐஸ் பெட்டியில் வைத்து, பந்திக்கு அரை மணி நேரம் முன்பு கலக்கச் சொல்லுங்கள். சர்க்கரையைப் பாலில் கரைத்த பிறகே கூழ் சேர வேண்டும்.

வெயிலுக்கு இன்னொரு எச்சரிக்கை. டிபனுக்கான தேங்காய்ச் சட்னியை விடிகாலை 4 மணிக்கே மொத்தமாக அரைத்து வைத்தால் 8 மணிக்கு வாசம் மாறிவிடும். இரண்டு தடவையாக அரைக்கச் சொல்லுங்கள். பொரியலில் தேங்காய்ப்பூவை இறக்கும்போது மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பந்திக்கு ஒரு நேரக் கணக்கும் உண்டு. ஒரு பந்திக்கு 90 பேர், உட்கார்ந்து எழுந்து மேசை துடைத்து மறு இலை போட 35 நிமிடம் என்றால், 360 பேருக்கு நாலு பந்தி, இரண்டு மணி இருபது நிமிடம். 11 மணிக்குத் தொடங்கினால் ஒன்றரைக்குள் முடியும். பரிமாற 10, 12 இலைக்கு ஒருவர், ஆக எட்டுப் பேர். அதற்குக் குறைந்தால் ரசம் வரும்போது சாம்பார் சாதம் தீர்ந்து கைகாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். மேசைக்குப் பிளாஸ்டிக் தாள் விரிக்காதீர்கள், தமிழ்நாட்டில் அது 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்; காகிதச் சுருள் வாங்குங்கள். குடிநீருக்கு 400 சின்ன பாட்டில் வேண்டாம். 20 லிட்டர் கேன் 15, எவர்சில்வர் டம்ளர், ஊற்ற இரண்டு பையன்கள். அதுதான் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

இலைக் காண்ட்ராக்டில் சண்டை வருவது கடைசி எண்ணிக்கையில். ‘குறைந்தபட்சம் 400’ என்று கேட்பார்கள். நீங்கள் 360 எதிர்பார்த்தால் 300க்கு ஒப்புக்கொண்டு, 60 இலை வரை கூடினால் அதே விலைக்குப் போட வேண்டும் என்று பேசுங்கள். வந்த இலையையும் மிஞ்சிய இலையையும் உங்கள் ஆள் ஒருவர் மாஸ்டரோடு சேர்ந்து எண்ண வேண்டும். கிழிந்தது தனி.

பத்திரிகை குடும்பத்துக்கு ஒன்று. 400 பேருக்கு 150 பத்திரிகை தாராளம், தூரத்து நண்பர்களுக்கு வாட்ஸ்அப். தாம்பூலப் பையும் அதே கணக்கில் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுங்கள். தேங்காய்க்குப் பதில் வெற்றிலை பாக்கோடு ஒரு செந்தூரா மாம்பழம் வைக்கலாம். முழுக்கப் பழுத்தது பைக்குள் நசுங்கும், செங்காயாக எடுங்கள்.

இப்போது அழகு. நீங்கள் ‘அழகாக’ என்று கேட்டதற்கு ஒரு நேர்மையான பதில்: அழகு தெரிய வேண்டிய இடங்கள் மூன்றே மூன்று. வாசல், மணவறை, பெண்ணும் மாப்பிள்ளையும். மற்ற இடங்களில் போடும் துணியும் பலூனும் யார் கண்ணிலும் நிற்காது.

வாசலுக்குக் குலை தள்ளிய வாழை இரண்டு, குருத்தோலைத் தோரணம், மாவிலை, பெரிய கோலம். வாழையின் அடியை ஈரச்சாக்கில் சுற்றினால் மதியம் வரை இலை துவளாது. வீட்டிலும் உறவிலும் உள்ள பித்தளைக் குத்துவிளக்கு, அண்டா, குடம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். யாருடையது என்று அடியில் பெயர் ஒட்டுங்கள்.

மணவறைப் பின்புறத்துக்கு ஒரு கணக்கு. 12 அடி அகலம், 8 அடி உயரம், அரை அடிக்கு ஒரு சரம் என்றால் 25 சரம், 200 அடி. செண்டுமல்லி ஒரு கிலோவில் சுமார் 100 பூ இருக்கும், நெருக்கிக் கோத்தால் 15 அடி வரும். ஆக 14 கிலோ. ஒன்று விட்டு ஒன்று மாவிலைச் சரமாகவோ பின்னிய குருத்தோலையாகவோ போட்டால் 7 கிலோ போதும், பச்சையும் மஞ்சளும் மாறி மாறி வருவதால் முழுப் பூவைவிட எடுப்பாகவும் இருக்கும். முதல் நாள் மாலை ஆறேழு பெண்கள் உட்கார்ந்தால் இரண்டு மணி நேர வேலை. கோத்த செண்டுமல்லிமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், உள்ளே ஈரம் நின்று இதழ் கறுத்துவிடும். கூடையில் பரப்பி, ஈரத்துணியை மேலே மூடினால் போதும்.

மல்லிகை வைகாசியில் நன்றாக வரும். பனிக்காலமான மார்கழி, தையில்தான் விளைச்சல் விழுந்து விலை எகிறும். ஆனால் முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் எந்த மார்க்கெட்டிலும் விலை ஏறும், அதனால் தெரிந்த பூ விவசாயியிடம் ஒரு வாரம் முன்பே விலை பேசி முன்பணம் கொடுங்கள். காலையில் பறித்த மொட்டு இரவுக்குள் விரிந்துவிடும், மறுநாள் முகூர்த்தத்தில் பெண் தலையில் பழுப்பாகத் தெரியும். தலைக்கு வைக்கும் பூவை மட்டும் மொட்டாகக் கட்டி, வாழை இலையில் சுற்றி, அடியில் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். ஐஸ் பூவில் நேராகப் படக்கூடாது.

மாலைக்குச் சம்பங்கி எடை குறைவு, விலையும் குறைவு. நடுவில் ஓசூர் ரோஜா வைத்துக் கட்டச் சொன்னால் அழகு வந்துவிடும். ஓசூர், தளி பக்கத்துப் பசுமைக்குடில் ரோஜா பிப்ரவரி 14ஐ ஒட்டித்தான் ஏற்றுமதிக்குப் போய் விலை ஏறும். வைகாசியில் அந்த நெருக்கடி கிடையாது. 20 பூ கொண்ட கட்டாக வரும். வந்ததும் காம்பை ஓர் அங்குலம் சாய்வாக வெட்டி வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். ஆறு கட்டு இருந்தால் மேடையின் இரண்டு முனைக்கும், ஆரத்தித் தட்டுக்கும், மாலைக்கும் சரியாக இருக்கும்.

விளக்கில் ஒரே ஒரு வேண்டுகோள்: ஊதா, நீலம், பச்சை அடிக்கும் எல்இடியை மேடைக்குப் போடவே வேண்டாம். பெண்ணின் முகம் படத்தில் நீலமாக இருக்கும், அதை எந்த எடிட்டிங்கிலும் சரிசெய்ய முடியாது. மஞ்சள் ஒளி தரும் விளக்கு இரண்டை மேடைக்கு இருபுறமும் சற்று உயரத்தில் சாய்வாக வையுங்கள்.

போட்டோவுக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர். ஆல்பம் தாள் கணக்கில் விலை ஏறும். 30 தாள் என்று முடித்து, எல்லாப் படத்தையும் பென்டிரைவில் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் தேவையில்லை. எந்த உறவோடு குழுப் படம் வேண்டும் என்ற பட்டியலைப் போட்டோகாரர் கையில் கொடுத்து, பக்கத்தில் உறவு தெரிந்த ஒரு அத்தையை நிறுத்துங்கள்.

மேளத்துக்கு நல்ல நாதஸ்வரம், தவில் செட் பிடியுங்கள். டிஜேக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் கொடுக்கும் பணத்தில் கால் பங்கு இங்கே போட்டால் தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம் கூடத்தையே எழுப்பிவிடும்.

துணிக்கு முகூர்த்தச் சேலை ஒன்றில் மட்டும் பணம் போடுங்கள். சில்க் மார்க் உள்ள பட்டு, ஜரி அசலா பாதியா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஆரணிப் பட்டு காஞ்சிபுரத்தைவிடக் கைக்கு அடங்கும். இரண்டாவது சேலைக்குச் சேலம் இளம்பிள்ளை. உறவுமுறைக்குக் கொடுக்கும் சேலை, வேட்டி, துண்டுக்குக் கிருஷ்ணகிரி பர்கூர் மொத்தக் கடைகள். பட்டியலோடு போய் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். நாலு தடவை போனால் நாலு தடவையும் பட்டியலில் இல்லாதது வண்டியில் ஏறும். ஒட்டியாணம், வங்கி, நெற்றிச்சுட்டி, ஜடைவில்லை வாடகைக்கே போதும்.

நகை தனி என்றாலும் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரியாமல் பணம் போகும் இடம் அது. கிராம் 10,000 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பவுன் செயினுக்குச் சேதாரம் 12 சதவீதம் என்றால் 80,000த்தோடு 9,600, அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 2,688, மொத்தம் 92,288. அதே செயின் 6 சதவீதச் சேதாரத்தில் 87,344. ஒரு பவுனுக்கு 4,944 ரூபாய் வித்தியாசம், தங்கம் ஒரு மில்லிகூடக் கூடவில்லை. வேலைப்பாடு குறைந்ததை எடுங்கள், சேதாரத்தைப் பேசிக் குறையுங்கள், செய்கூலி என்று தனியாகச் சேர்க்கிறார்களா என்று பில்லைப் பாருங்கள். 916 முத்திரையோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி என்ற அடையாள எண்ணும் இருக்க வேண்டும், 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுக் கடையிலேயே பார்க்கலாம்.

அப்பா இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கணவரை இழந்த ஏழைத் தாயின் மகள் திருமணத்துக்கு ஈ.வெ.ரா. மணியம்மையார் பெயரில் அரசு உதவித் திட்டம் உண்டு. தாலிக்கு 8 கிராம் தங்கமும், 25,000 ரூபாயும், பெண் பட்டமோ டிப்ளமோவோ படித்திருந்தால் அந்த 25,000க்குப் பதில் 50,000 ரூபாயும் தருவது அந்தத் திட்டம். கல்யாணத்துக்கு 40 நாள் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரம்பு, வேண்டிய சான்றுகள் பற்றித் தருமபுரி மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள். ஆனால் அந்தப் பணம் கல்யாணத்துக்கு முன்பு கைக்கு வரும் என்று வைத்துச் செலவைத் திட்டமிடாதீர்கள். அம்மா கட்டுமானத் தொழிலாளர் போன்ற நலவாரியத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கேயும் திருமண உதவி உண்டு.

மொய்ப் பணத்தையும் அதே போலத்தான் பார்க்க வேண்டும். ‘மொய் வந்ததும் சமையலுக்குக் கொடுத்துவிடலாம்’ என்பது நம் ஊரில் கல்யாணத்தைக் கடனில் தள்ளும் முதல் பேச்சு. மொய் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். கல்யாணத்துக்கு முந்தின நாளே மாஸ்டர், மேளம், பந்தல், பூ என்று தனித்தனி உறையில் மீதித் தொகையைப் போட்டுப் பெயர் எழுதி வைத்துவிடுங்கள். மொய் மேசையில் எழுத ஒருவர், வாங்க ஒருவர். பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ஊரில் நாலு முருகேசன் இருப்பார்கள். ஜிபேயில் வந்ததையும் அதே நோட்டில் ஏற்றுங்கள். பணப்பையை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எண்ணிக் கையெழுத்து வாங்கி வீட்டுக்கு அனுப்புங்கள்.

பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் ஒரு வேலை. பெண், மாப்பிள்ளை இருவர் பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும், நாளும் இடமும் சரியாக இருக்க வேண்டும். பதிவின்போது பத்திரிகையும் கோயில் ரசீதும்தான் கல்யாணம் நடந்ததற்குச் சான்று. பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21 முடிந்திருக்க வேண்டும் என்பதை நம் இரண்டு மாவட்டத்திலும் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. குறைந்தால் நடத்துகிறவர், நடத்தி வைக்கிறவர் எல்லோர் மீதும் வழக்கு வரும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009ன்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்து, சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மறுவீடு முடிந்த வாரமே போங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஊரில் இருப்பார்கள், ரசீதும் பத்திரிகையும் கையில் இருக்கும்.